8 மி.மீ. தாண்டியதும் காற்றோட்டம் குறைகிறதா?

இன்ஜின் ஹெட்டில் காற்று உள்ளே போகும் வழியான போர்ட்டைப் பெரிதாக்கிய பிறகு, ஃப்ளோ பெஞ்சில் (காற்றோட்டத்தை அளக்கும் கருவி) 8 மி.மீ. லிஃப்ட் (வால்வு தூக்கும் உயரம்) வரை ஃப்ளோ ஏறுகிறது, அதற்கு மேல் இறங்குகிறது, கரகரவென்று சத்தமும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இன்டேக் வால்வின் விட்டம் 32 மி.மீ. அதில் கால் பங்கு, அதாவது 8 மி.மீ., தூக்கினாலே வால்வைச் சுற்றிய இடைவெளி வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்கப்புறம் கடிவாளம் போர்ட்டின் கையில். ஆனால் ஃப்ளோ அங்கே சமமாக நிற்க வேண்டுமே தவிர, இறங்கக் கூடாது. இறங்கினால், சத்தமும் வந்தால், என் சந்தேகம் முழுக்க ஷார்ட் சைடு வளைவின் மீதுதான், அதாவது போர்ட் வால்வை நோக்கித் திரும்பும் இடத்தின் உள்பக்க வளைவு. காற்று அங்கே திரும்ப முடியாமல் சுவரை விட்டுப் பிரிகிறது.

மெல்லிய கம்பி நுனியில் ஒரு சிறு நூலைக் கட்டி, பெஞ்ச் ஓடும்போது அந்த வளைவில் பிடியுங்கள். நூல் சுவரோடு படுத்து வால்வைப் பார்த்து நீண்டால் நல்லது. படபடத்து எதிர்ப்பக்கம் திரும்பினால் குற்றவாளி சிக்கிவிட்டான். உடனே கிரைண்டரை எடுக்காதீர்கள்! அங்கே களிமண் வைத்து வளைவை உருட்டி, மறுபடி அளந்து பாருங்கள். பலரும் வெட்டிக் கெடுக்கும் இடம் அது.

அதற்கு முன், போர்ட் வாயில் களிமண்ணால் வட்டமான விளிம்பு வைத்தீர்களா? கூர்மையான விளிம்பும் இதே மாதிரி ஏமாற்றும். வால்வை மூடி கசிவையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் நண்பரின் ஃப்ளோ எண்கள் 10 இன்ச் நீர் அழுத்த வித்தியாசத்தில் எடுத்தவை, உங்களுடையவை 28 இன்ச். அவருடையதை 1.67 ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள்.