இலையை மட்டும் படமெடுத்தால் பெயர் கிடைக்காது

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர்க் கரட்டிலும் ஏரிக்கரையிலும் தானாக வளரும் செடிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். செல்போனில் படமெடுத்துச் செயலியில் போட்டால் ஒரே செடிக்கு மூன்று பெயர் காட்டுகிறது. ஊர்ப் பெரியவர்கள் ‘பாலை’ என்கிறார்கள். அதே பெயரில் இன்னொரு மரத்தையும் காட்டுகிறார்கள். எதை நம்பி எழுதுவது? செடியைப் பறித்துக் காயவைக்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் இலைதான் இருக்கிறது. எதிரெதிரான இலை, கிள்ளினால் வெள்ளைப் பால். இது வெப்பாலையாகவும் இருக்கலாம், குடசப்பாலையாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் வறண்ட இலையுதிர் காடுகளில் வளர்பவை. செயலி தடுமாறியதில் வியப்பில்லை. இலையை மட்டும் பார்த்தால் தாவரவியல் படித்தவரும் கொஞ்சம் யோசிப்பார்.

கோடையில் பூக்கும்போது அதே மரத்துக்குத் திரும்பப் போங்கள். இரண்டிலும் பூ வெள்ளைதான், ஐந்து இதழ்தான். வெப்பாலைப் பூவின் நடுவில் மெல்லிய நூல் நூலாகக் கிழிந்த ஒரு குஞ்சம் இருக்கும், அதன் நடுவே மகரந்தப்பைகள் கூம்பாகக் குவிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலையில் குஞ்சம் கிடையாது. மகரந்தம் பூக்குழலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பூக்காலம் தப்பிவிட்டால் காயைப் பாருங்கள். வெப்பாலையின் காய்கள் இரட்டையாகத் தொங்கும். முற்றிப் பிரியும்வரை இரண்டின் நுனியும் ஒட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலையில் இரண்டும் நுனிவரை தனித்தனியாக இருக்கும். இந்த ஒரு பூப்படமும் ஒரு காய்ப்படமும் இருந்தால் உங்கள் மூன்று பெயர்ச் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் பெயரைக் கடைசிக்கு விடுங்கள். முதலில் செடியைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண் கொடுத்து, நோட்டில் அந்த எண்ணோடு எழுதுங்கள். தேதி, இடம், மண், நிழலா வெயிலா, பக்கத்தில் என்னென்ன நிற்கின்றன, எவ்வளவு உயரம், பால் வந்ததா, இலையைக் கசக்கினால் வாசனை உண்டா. படத்தில் வராதவை இவைதான். பால் வடிந்ததா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? ‘ஏரிக்கரை’ என்று மட்டும் எழுதாதீர்கள். நீர் ஏறி இறங்கும் சேற்றுப் பகுதியா, கரையின் மேடா என்பது முக்கியம். நீர்மருது ஓடையோரத்தில் நிற்கும், கருமருது காட்டுச் சரிவில் நிற்கும். மருதிலேயே எந்த மருது என்பதற்கு இடமே பாதி விடை சொல்லிவிடும்.

படம் என்றால் முழுச் செடி, இலை தண்டில் அமைந்த விதம், இலையின் அடிப்பக்கம், பூவின் முகமும் பக்கவாட்டும், காய், மரமானால் பட்டை. இலை அமைப்பைப் பிள்ளைகள் தவறவிடுவார்கள், அதைக் கவனியுங்கள். ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் இருக்கும் ஆச்சா மரத்தின் இலை, தூரத்திலிருந்து பார்த்தால் மந்தாரை இலை மாதிரி இரண்டாகப் பிளந்தது போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் காம்பு நுனியில் இரண்டு தனிச் சிற்றிலைகள். மந்தாரையில் ஒரே இலைதான் பிளந்திருக்கும். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பத்து ரூபாய் நாணயமோ வையுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அப்புறம் ஒரு விஷயம்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு பதிந்திருக்கும் இடக்குறிப்பு போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஊர்ப்பெயரைத் தள்ளிவிடாதீர்கள். கேட்டபடியே எழுதுங்கள், எந்த ஊரில் கேட்டது என்பதோடு. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் போனால் தெலுங்கு, கன்னடப் பெயர்களும் வரும். அவற்றையும் மொழியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘பாலை’ என்று பெரியவர் சொன்னது தவறே இல்லை. பால் வடியும் பல மரங்களுக்கு அந்தப் பெயர் உண்டு. அறிவியல் பெயரை மட்டும் அதன்மேல் நீங்களாக ஏற்றி எழுத வேண்டாம். பூ கிடைக்கும்வரை ‘பாலை, எண் 14, இனம் தெரியவில்லை’ என்றே இருக்கட்டும். அது முழுமையான பதிவுதான்.

நட்டதா, தானாக முளைத்ததா என்பதையும் கட்டாயம் குறியுங்கள். சாலையோரப் புங்கன் பெரும்பாலும் நட்டது. உண்ணிச்செடி வெளிநாட்டிலிருந்து வந்தது, ஆனாலும் இங்கே தானாகப் பரவுகிறது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி பறிப்பது பற்றி. கொல்லை ஓரத்தில் நிறைய இருக்கும் தும்பை, துத்தி, ஆவாரை ஆகியவற்றில் பூவோடும் காயோடும் ஒரு கிளை எடுத்து, செய்தித்தாள் நடுவில் அழுத்திக் காயவைக்கலாம். முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒன்றிரண்டு மட்டும் நிற்கும் எதையும் தொடாதீர்கள், கிழங்கைத் தோண்டவே தோண்டாதீர்கள். செங்காந்தள் செடி முழுவதுமே நஞ்சு, கிழங்கில் அதிகம். பால் வரும் செடிகளைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. பூனைக்காலியின் காய்ச்சுணை தோலில் பட்டால் அரிப்பு தாங்க முடியாது. பிள்ளைகள் எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பதில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகவோ பறிக்கவோ கூடாது. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் உங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் பரவிக் கிடக்கிறது. யானை நடமாடும் காடு. மாவட்ட வன அலுவலருக்குப் பள்ளி வழியாகக் கடிதம் எழுதுங்கள், வனப்பணியாளர் துணையில்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். உண்மையில் உங்கள் கரடும் ஏரிக்கரையுமே பல வருடங்களுக்குப் போதும்.

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் ஆகிய இரண்டு இணையதளங்களிலும் படங்களை ஏற்றினால் தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஆனால் தானாக வளர்ந்த சந்தன மரத்தையோ அரிய கிழங்குச் செடியையோ கண்டால் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாதீர்கள். இடத்தை மறைக்கும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் உண்டு. பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவிலும் அந்த இடம் போகக் கூடாது. வெட்டுகிறவர்களுக்கும் அதே தகவல்தான் வேண்டும்.

அப்படியும் தீராதவற்றுக்குக் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பழைய உலர்தாவரச் சேகரிப்பு அங்கேதான் உள்ளது. எழுதும்போது பூவும் காயும் தெரியும் படங்களோடு, உங்கள் நோட்டில் அந்த எண்ணுக்கு எழுதியிருக்கும் பக்கத்தையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.