சிலேட்டுக் குவாரி ரயில் மாடல்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பிரிட்டனின் வட வேல்ஸில் கூரை வேயும் சிலேட்டுக் கல்லை வெட்டும் குவாரிகளைப் பற்றியவை. 1969-ல் மூடப்பட்ட டினோர்விக், அதன் அண்டையில் இன்றும் கல் வெட்டும் பென்ரின் ஆகிய இரண்டின் குட்டி ரயில்களும் என் மேசையை விட்டு இறங்கியதே இல்லை. அதனால் பதில்கள் சில இடங்களில் நீண்டுவிட்டன.

கிட் எதுவும் வாங்காமல் முழுக்க நானே செய்ய ஆசை. எஞ்சினில் தொடங்கலாமா, ஐயா?

வேகனில் தொடங்குங்கள். குவாரியில் எங்கே பார்த்தாலும் வேகன்தான், எஞ்சின் எப்போதாவதுதான் கண்ணில் படும். முதலில் செய்ய ஏற்றது, வீணான கல்லைச் சுமக்கும் கழிவு வேகன். மூன்று பக்கம் அடைப்பு, ஒரு முனை மட்டும் திறப்பு. கழிவுமேட்டின் விளிம்பில் கவிழ்த்துக் கொட்டுவதற்காக அப்படி. அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டும் நல்ல கத்தியும் போதும். ஒரே மாதிரி ஆறு வேகன் செய்யுங்கள். ஆறாவதைச் செய்யும்போது கை நிதானப்பட்டிருக்கும்.

1:76 அளவில் 9 மி.மீ. தண்டவாளம் போட்டேன். படத்தோடு ஒப்பிட்டால் பாதை அகலமாகத் தெரிகிறது. என் கண்ணில்தான் கோளாறா?

உங்கள் கண் சரி. பென்ரினிலும் டினோர்விக் குவாரியிலும் இருந்த பாதையின் அகலம் ஏறக்குறைய 578 மி.மீ. 1:76 என்றால் உண்மையானதில் 76-ல் ஒரு பங்கு, துல்லியமாக 76.2-ல் ஒன்று. 9 மி.மீ.-ஐ 76.2-ஆல் பெருக்கினால் 686 வருகிறது. மாடலில் 7.6 மி.மீ. இருக்க வேண்டிய பாதை 9 ஆகிவிட்டது. சிறிய வேகனுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இரண்டு வழி சொல்வேன். 1:87 அளவில் 6.5 மி.மீ. பாதை போட்டால் 565 வரும், மிக நெருக்கம். கண்ணுக்கு இதமாகப் பெரிதாகச் செய்ய நினைத்தால் 1:19-ல் 32 மி.மீ. பாதை. அது 610 மி.மீ.-க்குச் சமம், கொஞ்சம் அகலம்தான். ஆனால் அந்த அளவில் ஒவ்வொரு போல்ட்டையும் செய்யலாம் என்பதால் நான் பொறுத்துக்கொள்கிறேன். இருக்கிற பாதையைப் பிடுங்க மனமில்லை என்றால், தண்டவாளத்தைப் பாதி கல்தூளுக்குள் புதைத்துவிடுங்கள். உண்மையான குவாரியிலும் பாதை அப்படித்தான் கிடந்தது.

சிலேட்டுக்கு உண்மையான கல்லையே பயன்படுத்தலாமா? வீட்டில் கடப்பாக்கல் துண்டு நிறைய இருக்கிறது.

கடப்பாக்கல் வேண்டாம். அது சுண்ணாம்புக்கல் வகை. சிறிதாக உடைத்தால் கட்டி கட்டியாகச் சிதறும். சிலேட்டுக் கல்லோ தகடு தகடாகப் பிளக்கும். கழிவுமேட்டின் முகத்தையே அந்தத் தட்டைத் துண்டுகள்தான் தீர்மானிக்கின்றன.

நம் ஊரில் அதற்கு அருமையான பொருள் இருக்கிறது: பழைய பள்ளிக்கூடக் கல் சிலேட்டு. மரச்சட்டம் போட்டு, குச்சியால் ஆனா ஆவன்னா எழுதிப் பழகிய அதே சிலேட்டு. ஆந்திராவின் மார்க்காபூர் அந்தக் கல்லுக்குப் பெயர்போன ஊர். பழைய பாத்திரக் கடைகளில் உடைந்த சிலேட்டு கிடைத்தால் விடாதீர்கள். துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, சல்லடையில் மூன்று அளவாகப் பிரியுங்கள். மேட்டின் அடிவாரத்தில் பெரிய துண்டு, உச்சியில் பொடி. கொட்டும்போது கனமான கல் அதிக தூரம் உருண்டுவிடும், அதனால்தான் இந்த வரிசை. நீரில் கரைத்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினால் நன்றாகப் பிடிக்கும்.

நிறத்தில் கவனம் வேண்டும். டினோர்விக், பென்ரின் கற்களில் நீலச் சாம்பலோடு ஊதாச் சாயலும் உண்டு. வட வேல்ஸின் இன்னொரு சிலேட்டு ஊரான ஃபெஸ்டினியோக்கின் கல் வெறும் நீலச் சாம்பல். நம் சிலேட்டு கறுப்பாக இருப்பதால் மேலே நீர்த்த ஊதா வண்ணம் ஒரு பூச்சு கொடுங்கள்.

முடித்த கூரைச் சிலேட்டுகளுக்கு மட்டும் கல் வேண்டாம், அட்டை போதும். அந்தச் சிலேட்டுகளுக்கு அளவுக்கேற்பப் பிரபுகுலப் பெண்களின் பட்டம்: ‘டச்சஸ்’ 24-க்கு 12 அங்குலம், ‘கவுண்டஸ்’ 20-க்கு 10. 1:19-ல் ஒரு டச்சஸ் 32-க்கு 16 மி.மீ. தடிமன் கால் மி.மீ. சொச்சம். கல்லை அவ்வளவு மெல்லியதாகப் பிளக்க முடியாது.

கல்லை நனைத்துக்கொண்டே உடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. சிலேட்டுத் தூசி வேல்ஸ் குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைத் தலைமுறை தலைமுறையாகத் தின்றது. அவர்களுக்கு இழப்பீடு கிடைக்க 1979 வரை, தனிச் சட்டம் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சரிவுப்பாதையில் கல் ஏற்றிய வேகன் இறங்கி, காலி வேகனை மேலே இழுக்க வேண்டும். உண்மையில் நடந்தது போலவே எடையால் இயக்க முடியுமா?

முயன்று பார்த்திருக்கிறேன். நகரவே இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 1:76 மாடலில் எடை நாலு லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அச்சின் உராய்வும் நூலின் விறைப்பும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே சரிவின் உச்சியில், கயிறு சுற்றும் உருளை இருக்கும் வீட்டுக்குள் மெதுவாகச் சுற்றும் கியர் மோட்டாரை ஒளித்து வையுங்கள். ஒரே உருளையில் ஒரு நூலை மேல்பக்கமாகவும் மற்றதைக் கீழ்ப்பக்கமாகவும் சுற்றினால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். உண்மையான உருளையும் அப்படித்தான் வேலை செய்தது, அங்கே மோட்டாருக்குப் பதில் பிரேக் மட்டும். மெழுகு தடவிய தையல் நூல் போதும்.

சரிவின் உயரத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். குவாரியின் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் 18 மீட்டர் என்று வைத்தால் 1:76-ல் 236 மி.மீ. இடமில்லை என்றால் 150 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் மலையைக் குடைந்த இடம் என்ற உணர்வு வராது.

எஞ்சினுக்கு வரைபடம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பக்கவாட்டில் நேராக எடுத்த புகைப்படம் ஒன்று தேடுங்கள். சக்கரத்தின் விட்டம் தெரிந்தால் அதையே அளவுகோலாக்கி மற்றவற்றை அளந்துவிடலாம். டினோர்விக் தளங்களில் ஓடிய, ஹன்ஸ்லெட் நிறுவனம் கட்டிய எஞ்சின்களில் பலவற்றுக்கு ஓட்டுநர் கூண்டே கிடையாது. 1902-ல் கட்டிய ‘ஹோலி வார்’ 1967 வரை அங்கே உழைத்தது. அதுவும் 1903-ல் கட்டிய ‘மெய்ட் மேரியன்’ எஞ்சினும் வேல்ஸின் சுற்றுலா ரயிலான பாலா ஏரி ரயிலுக்குப் போய்ச் சேர்ந்தன, படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காப்பாற்றப்பட்ட எஞ்சின்கள் சிலவற்றுக்குப் பின்னாளில் கூண்டு பொருத்தினார்கள். எந்த ஆண்டைச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், படத்தை அப்புறம் தேடுங்கள்.

எஞ்சின் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளை எப்படிச் செய்வது?

மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபில். குளிர்பான டப்பாவின் தகட்டைத் தடித்த அட்டைமேல் வைத்து, பின்பக்கமிருந்து அளவுகோல் ஓரமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள். இடைவெளியை முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளி கோணினாலும் பெயிண்ட் அடித்தபின் அதுதான் முதலில் தெரியும்.