வீட்டுக்குள் வளரும் நில ஆமைக்குப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் ஏன் சூடாக இருக்க வேண்டும்?

பெட்டியின் ஒரு முனை நன்றாகச் சூடாகவும் மறுமுனை போகப் போகக் குளிர்ந்தும் இருப்பதைத்தான் வெப்பச் சரிவு என்கிறார்கள். ஆமையின் உடல் நம்மைப் போலத் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்து வாங்கிக்கொண்டால்தான் தின்ற இலைதழை செரிக்கும். போதும் என்றானதும் விலகிப் போகவும் இடம் வேண்டும், ராத்திரி நாம் போர்வையை இழுப்பதும் உதறுவதுமாக இருப்போமே, அப்படி. பெரும்பாலான இனங்களுக்கு சூடு தரும் விளக்கின் நேர் கீழே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 22 முதல் 25 வரை இருந்தால் சரி. சின்னப் பெட்டி மொத்தமும் ஒரே சூடாகிவிடும், அதனால் நீளமானதாகப் பாருங்கள். கண்ணாடித் தொட்டி வேண்டாம் என்பேன், வெளியே தெரிவதால் ஆமை சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் தோண்டிப் புதைய லேசான ஈர மண், ஒளிய ஒரு மறைவு, ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு.

வெப்ப விளக்கோடு புற ஊதா-பி கதிர் தரும் விளக்கும் வேண்டும். அந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது, ஓடு மென்மையாகிவிடும். ஜன்னலோர வெயிலே போதுமே என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், உள்ளே வருவது வெளிச்சமும் சூடும்தான்.