விற்காமல் போன தேதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் திருமணம் 2020 மே மாதம் நடப்பதாக இருந்தது. ஊரடங்கு வந்ததால் நவம்பருக்குத் தள்ளிவைத்தோம். அப்போதும் கட்டுப்பாடுகள் நீங்காததால் மறுபடியும் தள்ளி, கடைசியில் 2021 பிப்ரவரியில் நாற்பது பேருடன் நடத்தினோம். அதற்குள், அக்டோபரில், என் பாட்டி இறந்துவிட்டார். மே மாதமே பத்துப் பேரை வைத்து நடத்தியிருந்தால் அவர் பார்த்திருப்பாரே என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

மண்டபத்தார் முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். புகைப்படக்காரர் இரண்டு முறையும் தேதியை மாற்றிக் கொடுத்தார். மேடை அலங்காரத்துக்கு ஒப்புக்கொண்டவர் மட்டும் பணத்தையும் தரவில்லை, புதிய தேதிக்கும் வரவில்லை. தொழிலையே மூடிவிட்டதாகச் சொன்னார். ஆத்திரத்தில் அவரை ஏமாற்றுக்காரர் என்று பெயர் குறிப்பிட்டு இணையத்தில் எழுதினேன். சென்ற மாதம் என் தம்பியின் திருமணத்துக்கு வந்த வேறொரு அலங்காரக் குழுவில் அவர் கூலிக்கு நின்று நாற்காலிகளுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து மனம் சரியில்லை.

இன்னொரு பக்கம், பெருந்தொற்று நமக்கு எளிய திருமணத்தைக் கற்றுக்கொடுத்தது, ஆடம்பரத்தை நம்பிப் பிழைத்தவர்கள் வேறு வேலைக்குப் போவதும் நல்லதுதானே என்றும் தோன்றுகிறது. நாங்கள் தள்ளிவைத்தது சரிதானா? நான் எழுதியது தவறா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் மறைந்த என் தந்தையின் அச்சகப் பொருட்களைப் பிரித்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அவர் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தியவர். ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி திருமண அழைப்பிதழ்களிலிருந்தே வந்தது. எழுத்துப் பெட்டிகளுக்கு அடியில் சணல் கயிற்றால் கட்டிய ஓர் அழைப்பிதழ்க் கட்டு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பலவற்றை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

தள்ளிவைத்ததில் தவறில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், மில்லினாக்கெட் பகுதியில், ஒரு திருமண விருந்து நடந்தது. உள்ளரங்கில் 50 பேர்தான் கூடலாம் என்றிருக்க, 55 பேர் கூடினார்கள். அங்கிருந்து கிளம்பிய தொற்று ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கும் ஒரு சிறைச்சாலைக்கும் போய், மொத்தம் 177 பேரைப் பிடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட அந்தத் திருமணத்துக்குப் போனவர் அல்லர். மே மாதத்தில் உங்கள் பாட்டியைச் சுற்றிப் பத்துப் பேரை நிறுத்தாமல் இருந்ததும் நீங்கள் அவர்மேல் காட்டிய அன்புதான். நியூசிலாந்தின் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன், 2022 ஜனவரியில் தம் அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டின் காரணமாகத் தம் திருமணத்தையே நிறுத்தினார். அது 2024 ஜனவரியில்தான் நடந்தது. நாட்டை ஆள்பவருக்கே அந்த நிலை என்றால், நீங்கள் உங்களை இப்படி வாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எளிமையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்த மேடையைக் கேட்டது யார்? நீங்கள் மாதிரிப் படங்களைப் பார்த்து, நிறம் சொல்லி, பூக்களைத் தேர்ந்தெடுத்து, முன்பணம் கொடுத்து அமர்த்தியவர் அவர். விரும்பிக் கேட்டது நாம். அது நடக்காமல் போன பிறகு, அதைச் செய்து தருவதாக இருந்தவரின் பிழைப்பை ஆடம்பரம் என்று சொல்வது நியாயமில்லை. ஒருவர் தாமாகத் தேர்ந்துகொள்ளும் எளிமையை நான் மதிக்கிறேன். அரசு ஆணையால் வந்த எளிமையில் மிச்சமான பணம் உங்கள் வீட்டில் தங்கியது, அதன் இழப்போ இன்னொருவர் வீட்டில் விழுந்தது. இதைப் பற்றி இதற்குமேல் பேச நான் விரும்பவில்லை.

நான் பேச விரும்புவது அந்த முன்பணத்தைப் பற்றி. திருமணத் தொழிலில் இருப்பவர்கள் விற்கும் சரக்கு பூவோ துணியோ விளக்கோ மட்டும் அன்று. அவர்கள் முதன்மையாக விற்பது ஒரு தேதியை. உங்களுக்கு ஒரு நாளை ஒப்புக்கொண்ட கணத்திலிருந்து அதே நாளைக் கேட்டு வரும் அத்தனை பேரையும் அவர் திருப்பி அனுப்ப வேண்டும். எந்தச் சமூகத்திலும் திருமணங்கள் ஆண்டு முழுவதும் சமமாகப் பரவி நடப்பதில்லை. பருவம், விடுமுறை, வார இறுதி என்று சில நாட்களில் குவிகின்றன. அந்தச் சில பத்து நாட்களின் வருமானத்தில்தான் அவர் ஆண்டு முழுவதும் கிடங்கு வாடகையையும் வண்டிக் கடனின் தவணையையும் கட்ட வேண்டும். விற்காத துணியை அடுத்த மாதம் விற்கலாம். கடந்துபோன தேதியை யாரிடம் விற்பது?

தள்ளிவைப்பது என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். உங்கள் புகைப்படக்காரரின் கணக்கை எண்ணிப் பாருங்கள். மே மாதத் தேதி ஊரடங்கில் அநேகமாக எவருக்கும் பயன்பட்டிருக்காது, அதை விட்டுவிடுவோம். நவம்பர் தேதியை அவர் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். அன்று சிறிய அளவில் நடத்தத் தயாராக இருந்த வேறு ஒருவருக்கு அவர் அதைக் கொடுத்திருக்கலாம். பிறகு பிப்ரவரியிலும் ஒரு நாளைக் கொடுத்தார். கூலி வாங்கியதோ ஒன்றுக்குத்தான். இதை ‘தேதியை மாற்றிக் கொடுத்தார்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்தவர்மேல் கோபப்படப் போய்விட்டீர்கள்.

மண்டபத்தார் பணத்தைத் திருப்பித் தந்ததற்குக் காரணம் அவர்களுடைய நற்குணமாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு கட்டடம் இருந்தது. கட்டடம் அடுத்த ஆண்டும் நிற்கும், அதைக் காட்டிக் கடன் வாங்கலாம். அலங்காரக்காரரிடம் இருந்தது இரும்புச் சட்டங்களும் துணிகளும் நாள் கூலிக்கு வரும் நான்கைந்து பேரும். இப்படிப்பட்ட சிறு தொழில்களில் முன்பணம்தான் மூலதனம். இந்த மாதம் வரும் முன்பணத்தை வைத்துச் சென்ற மாதத் துணிக்கடைப் பாக்கி தீரும். பூக்காரருக்கும் விளக்குக்காரருக்கும் அவர் தரும் முன்பணமும் அதிலிருந்துதான் போகும். ஒருவர் வந்து திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடலாம். அத்தனை வாடிக்கையாளரும் ஒரே வாரத்தில் கேட்டபோது அவர் கையில் பணம் இல்லை; அது ஏற்கெனவே பத்துக் கைகளுக்குப் போய்விட்டது. 2020 மார்ச்சில் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலக்கூடத்தில் வாங்க ஆளில்லாத பூக்களை வண்டி வண்டியாகக் கொட்டி அழித்தார்கள். அந்தப் பூக்களுக்காக மாதக்கணக்கில் உழைத்தவர்கள் யாரிடம் போய் முன்பணம் கேட்பார்கள்?

எண்களையும் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019இல் 2,19,850 திருமணங்கள் நடந்தன. 2020இல் 85,770 மட்டுமே. 1838இலிருந்து உள்ள பதிவுகளில் அவ்வளவு குறைவாக அங்கே ஒருபோதும் நடந்ததில்லை. இந்த வீழ்ச்சியும் முழு இழப்பைக் காட்டாது. 2020 ஜூலையில் இங்கிலாந்து 30 பேரை அனுமதித்தது, செப்டம்பர் இறுதியில் அதை 15 ஆக்கியது. பதினைந்து பேர் நின்ற திருமணமும் பதிவேட்டில் ஒரு திருமணம்தான். மேடை போடுபவருக்கும் சமையல்காரருக்கும் இசைக் கலைஞருக்கும் அதில் அநேகமாக வேலையே இல்லை. பிறகு 2022இல் அங்கே 2,46,897 திருமணங்கள் நடந்தன, 2019ஐவிடவும் அதிகம். அதுவரை தாக்குப்பிடித்தவர்களுக்கு வேலை மூச்சுமுட்டக் குவிந்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் இரும்புச் சட்டங்களையும் துணிகளையும் விற்றவர்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. அவர்களில் பலர் தாக்குப்பிடித்தவர்களிடமே கூலிக்குப் போனார்கள். உங்கள் தம்பியின் திருமணத்தில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

சட்டப்படி அவர் பணத்தைத் தர வேண்டியவர் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வி பழையது. 1902 ஜூனில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பார்ப்பதற்காக, லண்டனில் பால் மால் தெருவில் ஒருவர் அறைகளை இரண்டு நாள் பகற்பொழுதுக்கு 75 பவுண்டுக்குப் பேசி, 25 பவுண்டை முன்பணமாகக் கொடுத்தார். மன்னருக்குக் குடல்வால் நோய் வந்து, விழா தள்ளிப்போனது. ஊர்வலம் இல்லாதபோது அறை எதற்கு? மீதி 50 பவுண்டைத் தர வேண்டியதில்லை என்று 1903இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கொடுத்த 25 பவுண்டு அறைக்காரரிடமே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு இதேபோன்ற இன்னொரு வழக்கில், நஷ்டம் எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும் என்பது சட்டமாயிற்று. அந்த அநியாயத்தை மாற்ற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்நாளில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1942இல் அதைக் கவிழ்த்தது. 1943இல் வந்த சட்டம், முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், ஆனால் வேலைக்காக அதற்குமுன் செய்த செலவை வாங்கியவர் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றது. பொதுச் செலவுகளையும் அவர் தம் கையால் செய்த வேலையையும்கூட அந்தக் கணக்கில் சேர்க்க இடம் தந்தது. 2020 செப்டம்பரில் பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம், ஊரடங்கால் நின்ற திருமணங்களைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான்: பணத்தைத் திருப்பித் தருக, மீட்க முடியாத செலவில் ஓரளவைப் பிடித்துக்கொள்க. நான் நியாயம் என்று கருதுவதும் இதுதான். அந்தத் தேதிக்காக அவர் திருப்பி அனுப்பிய மற்ற வாடிக்கையாளர்களை இந்தக் கணக்கும் எண்ணவில்லை என்பது மட்டுமே என் குறை.

ஆகவே உங்கள் அலங்காரக்காரர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்து கணக்குக் காட்டியிருக்க வேண்டும். தொழிலை மூடியதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். கையில் பணத்தை வைத்துக்கொண்டே ஒப்பந்தத்தில் உள்ள பொடி எழுத்தைக் காட்டி ஒரு காசும் தராமல் விரட்டிய பெரிய நிறுவனங்களும் இருந்தன. அவற்றைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஏமாற்றுபவருக்கு முதலில் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும். கொடுக்க வழியற்றவருக்கு அந்தப் பெயரைச் சூட்டி, அலங்காரத்துக்கு ஆள் தேடும் ஒவ்வொருவரும் படிக்கும் இடத்தில் நீங்கள் எழுதி வைத்தீர்கள். அவர் மறுபடி சொந்தமாகத் தொழில் தொடங்க முயன்றிருந்தால், அந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை பேர் விலகிப் போயிருப்பார்கள்?

என் கையில் இருந்த அழைப்பிதழ்க் கட்டுக்கு வருகிறேன். எனக்கு அப்போது ஒன்பது அல்லது பத்து வயது. முந்நூறு அழைப்பிதழ்கள் அச்சாகி, மை காய்ந்து, கட்டி வைத்திருந்த நிலையில், மணமகளின் தந்தை திடீரென்று இறந்து திருமணம் நின்றுபோனது. அவருடைய தம்பி வந்து முன்பணத்தைக் கேட்டார். அப்பா மறுவார்த்தை பேசாமல் அட்டையின் விலையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். அன்றிரவு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, கோத்திருந்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவற்றின் அறைகளில் போட்டார். ஒரு பெயரைக் கோப்பதற்கு மட்டுமல்ல, அதைப் பிரிப்பதற்கும் நேரம் ஆகும். “உங்கள் இரண்டு நாள் உழைப்புக்கு யார் கூலி தருவது?” என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. பெயரும் தேதியும் அச்சான அட்டையை வேறு யாருக்கும் விற்க முடியாது. அவற்றின் வெற்றுப் பின்பக்கங்களில்தான் அந்த ஆண்டு முழுவதும் நான் கணக்குப் போட்டுப் பழகினேன். கட்டில் மிஞ்சியிருந்தவை பதினேழு.

நெடுங்காலம் அதை அப்பாவின் பெருந்தன்மையாக மட்டுமே நினைத்திருந்தேன். இப்போது அம்மாவின் கேள்விதான் சரியென்று படுகிறது. துக்க வீட்டிலிருந்து வந்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சில மாதங்கள் கழித்தாவது யாராவது வந்து, உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவால் அப்படி நடந்துகொள்ள முடிந்ததும் நின்றது ஒரே ஒரு திருமணம் என்பதால்தான். அந்தப் பருவத்தின் எல்லாத் திருமணங்களும் ஒரே வாரத்தில் நின்றிருந்தால், அவராலும் ஒருவருக்கும் பணம் கொடுக்க முடிந்திருக்காது. தெருவில் எதிரே வந்தவர்களைப் பார்த்து அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

அந்தப் பதிவை இன்றே நீக்குங்கள். உங்கள் தம்பியின் திருமணத்துக்கு வந்த குழுவினரிடம் கேட்டால் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். நேரில் போங்கள், தனியாகப் போங்கள், பணத்தைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். 2020 மே மாதத்து மேடைக்காக என்னென்ன வாங்கி வைத்திருந்தீர்கள், அவையெல்லாம் என்ன ஆயின என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்.