நிலநடுக்கம் நடந்த நாட்டுக்கு நாம் மருந்து அனுப்பலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் வியாசர்பாடியில் இருக்கிறோம். தாத்தா, பாட்டி 1960-களில் பர்மாவிலிருந்து வந்தவர்கள். 2025 மார்ச்சில் அங்கே மாண்டலே பக்கம் நிலநடுக்கம் வந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மருந்து, மாத்திரை, கட்டுத்துணி எல்லாம் சேகரித்தோம். கூரியர் நிறுவனங்கள் வாங்க மறுத்துவிட்டன. அட்டைப்பெட்டிகள் இன்னும் மன்றத்து அறையில் கிடக்கின்றன. மறுபடி இப்படி ஒன்று நடந்தால் எந்த வழியில் அனுப்புவது? ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கும் என் அக்கா நேரில் போய் உதவலாமா? இந்தப் பெட்டிகளை என்ன செய்வது?

பதில்: மருந்தை அனுப்பாதீர்கள். அந்தப் பெட்டிகள் வியாசர்பாடியைத் தாண்டாமல் நின்றது நல்லது. மாடிப்படி ஏறி இறங்கிச் சேர்த்த பிள்ளைகளிடம் இப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் காரணத்தையும் முழுதாகச் சொல்கிறேன்.

1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்து சுமார் 25,000 பேர் இறந்தார்கள். உலகம் பதறிப்போய் 5,000 டன் மருந்தையும் மருத்துவப் பொருள்களையும் அனுப்பியது. என்னென்ன வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. வந்து இறங்கும்போதே 8 சதவீதம் காலாவதியாகியிருந்தது. இன்னொரு 4 சதவீதம் பனியில் உறைந்து வீணானது. மீதியிலும் இன்ன மருந்து என்று எளிதாக அடையாளம் காண முடிந்தது 30 சதவீதம்தான். பெரும்பாலான அட்டைகளில் அந்தந்த நாட்டு பிராண்டு பெயர் மட்டுமே இருந்தது. இடிபாட்டிலிருந்து மீட்டவர்களுக்கு ஊசி போட வேண்டிய கைகள் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தன.

பதினாறு ஆண்டு கழித்து, சுனாமிக்குப் பிறகு, இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்திலும் இதே கதைதான் நடந்தது. அங்கே குவிந்த சுமார் 4,000 டன் மருந்தில் 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவும் வீடிழந்த அந்த ஊரின் தலையில் விழுந்தது. அதே நாள்களில் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி குவிந்து கிடந்ததைக் காசிமேட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். துணியாவது மழையில் நனைந்து மட்கும். தவறான மாத்திரை ஆளைக் கொல்லும்.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லாத கன்டெய்னர் வந்தால் பின்னால் நிற்கும் வண்டிகளும் சேர்ந்து முடங்கும். நிலநடுக்கம் நடந்த ஊரின் விமான நிலையத்தில் பெயர் தெரியாத மருந்துப் பெட்டி செய்வது அதையேதான்.

இதனால்தான் உலக சுகாதார அமைப்பு மருந்து நன்கொடைக்கு 1996-இல் நெறிமுறை வகுத்தது. பெறும் நாடு கேட்ட மருந்தை மட்டுமே அனுப்ப வேண்டும். அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்க வேண்டும். போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டாவது மிச்சம் இருக்க வேண்டும். நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மாத்திரையும் டாக்டர்களுக்கு வந்த இலவச சாம்பிளும் கூடவே கூடாது. நம் வீட்டு அலமாரி மாத்திரை எதுவும் இந்த வரம்புக்குள் வராது. சட்டச் சிக்கலும் உண்டு. பலர் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் டிரமடால் வலி மாத்திரை 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தூக்க மாத்திரைகள் சிலவும் அப்படியே. நல்லெண்ணத்தில் பெட்டிக்குள் போட்ட ஓர் அட்டைக்காக ஒரு பிள்ளை சுங்க அதிகாரிகள் முன் நிற்க நேரலாம்.

சரி, அங்கே உண்மையில் என்னதான் தேவைப்படுகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைக்கும்.

நிலநடுக்கத்துக்கே உரிய ஒரு மரணம் உண்டு. கான்கிரீட் பலகைக்கு அடியில் கால் நசுங்கி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தவரை மீட்பார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். சிறிது நேரத்தில் அவர் இறந்துபோவார். நசுங்கிச் செத்த தசைக்குள் தேங்கிய பொட்டாசியம், பாரம் நீங்கியதும் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்திவிடுகிறது. அதில் தப்பினாலும், தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைத்து, சில நாளில் சிறுநீர் நின்றுபோகிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, 1941-இல், இதை மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்தார்கள். காப்பாற்றும் வழி எளியதுதான்: பலகையைத் தூக்குவதற்கு முன்பே, ஆள் சிக்கியிருக்கும் நிலையிலேயே, கையில் நரம்பு தேடி சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும். பொட்டாசியம் கலந்த டிரிப் கூடாது. பிறகு டயாலிசிஸ் தேவைப்படலாம். ஆர்மீனியாவில் டயாலிசிஸ் இல்லாமல் பலர் இறந்த பிறகு, சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் பேரிடருக்கென்றே ஒரு குழுவை அமைத்தது. 1999-இல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் 477 பேருக்கு டயாலிசிஸ் செய்ய முடிந்ததில் அந்தக் குழுவின் உதவியும் இருந்தது.

ஆனால் அந்த முதல் சலைன் பாட்டிலை ஏற்றப்போவது வெளிநாட்டார் அல்லர். முதல் ஒன்றிரண்டு நாளில் உயிரோடு வெளியே எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோரை அக்கம்பக்கத்தாரே எடுக்கிறார்கள், உள்ளூர் மருத்துவர்களே பார்க்கிறார்கள். வெளிநாட்டுக் கள மருத்துவமனைகள் கூடாரம் அடித்து முடிக்கும்போது அந்த நேரம் பெரும்பாலும் கடந்துவிடும். அதனால் அவை வீண் என்று நினைத்துவிட வேண்டாம். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் நகரில் அரசு மருத்துவமனையே இடிந்து விழுந்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை இல்லாத வடசென்னையைக் கற்பனை செய்து பாருங்கள். எலும்பு முறிந்தவர் மட்டுமா அங்கே போகிறார்? பிரசவத்துக்கு நாள் குறித்தவர், இன்சுலின் வாங்குபவர், வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் எல்லோரும் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் குழு நிரப்ப வேண்டிய இடம் இதுதான். சீழ் பிடித்த காயத்தைத் திறந்து சுத்தம் செய்வது, டெட்டனஸ் தடுப்பது, அவசரத்தில் ஒட்டிய எலும்பை முறையாகப் பொருத்துவது, உள்ளூர் மருத்துவமனை எழும்வரை அதன் வேலையைத் தாங்குவது. மாண்டலேக்கு நம் ராணுவம் அனுப்பிய 118 பேர் கொண்ட மருத்துவக் குழு இப்படிப்பட்டது.

இனி அக்காவின் கேள்வி. தனியாகப் போகக் கூடாது. சுற்றுலா விசாவில் போய் ஒரு முகாமில் நின்று "நான் நர்ஸ்" என்று சொல்வது, மனது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த ஊருக்குப் பாரம். சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம், மொழிபெயர்க்க ஆள் எல்லாம் அவர்களே தர வேண்டியிருக்கும். 2010-இல் ஹெய்ட்டியில் இப்படி நூற்றுக்கணக்கான குழுக்கள் இறங்கின. தரம் பார்க்க ஆள் இல்லை. அறுவை சிகிச்சைக் குறிப்பு எழுதாமல், பின்தொடர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யாமல் கை கால் அகற்றிவிட்டுக் கிளம்பியவர்களும் இருந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2013-இல், வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வகைப்பாடும் குறைந்தபட்சத் தரமும் வந்தன. நாளொன்றுக்கு 100 புறநோயாளிகளைப் பார்ப்பது ஒரு வகை. 20 படுக்கையும் நாளுக்கு ஏழு பெரிய அறுவை சிகிச்சையும் அடுத்த வகை. தீவிர சிகிச்சைப் பிரிவும் 40 படுக்கையும் மூன்றாவது வகை. மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை, தண்ணீர், மின்சாரம், உணவு முதல் கழிவறை வரை எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவர வேண்டும் என்பது.

ஆகவே அக்கா இப்போதே ஒரு குழுவின் பட்டியலில் இடம்பிடிப்பதுதான் வழி. எழும்பூரில் இந்திய செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை இருக்கிறது. பயிற்சிக்கு அங்கே விசாரிக்கலாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இந்தியாவிலிருந்தும் நர்ஸ்களை எடுக்கிறது. இரண்டு ஆண்டு அனுபவமாவது பொதுவாக எதிர்பார்ப்பார்கள். அவசர சிகிச்சை, அறுவை அரங்கு, டயாலிசிஸ் போன்ற பிரிவுகளில் வேலை செய்திருந்தால் மதிப்பு அதிகம். நர்சிங் கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட், டெட்டனஸ், ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி எல்லாம் கைவசம் இருக்கட்டும். அரசுப் பணியில் இருப்பவர் என்றால் வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி வேண்டும். அது ஒரே நாளில் கிடைக்காது.

தெருப் பிள்ளைகளுக்கு: அடுத்த முறை பணமாகச் சேருங்கள். நிலநடுக்கத்துக்கு முன்பிருந்தே அந்த நாட்டில் வேலை செய்யும் அமைப்புக்கு, அதன் சொந்த இணையதளம் வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் யுபிஐ எண்ணை நம்ப வேண்டாம். அங்குள்ள உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால் வங்கிக் கிளையில் கேளுங்கள். தனிநபர் தன் சொந்தப் பணத்தை வெளிநாட்டு உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்ப ரிசர்வ் வங்கி விதிகளில் பொதுவாக இடம் உண்டு. வங்கியைத் தவிர்த்துக் கைமாற்றாகப் பணம் அனுப்பும் உண்டியல்காரரிடம் போகாதீர்கள். அது சட்டவிரோதம், பணம் போகாவிட்டால் புகார் கொடுக்கவும் முடியாது. இன்னொன்று, இது என் சொந்தக் கருத்து: சேர்ந்ததில் பாதியை ஆறு மாதம் வங்கியில் வைத்திருங்கள். முதல் வாரம் உலகமே கொடுக்கும். செயற்கைக் கால், பிசியோதெரபி, இரண்டாவது அறுவை சிகிச்சை எல்லாம் தேவைப்படும்போது கேமராக்கள் வேறு ஊருக்குப் போயிருக்கும். பதினாறு வயதில் கால் இழந்த பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்கக் கால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பணத்தைத் தவிர, வேறு ஊர்களில் எளிதில் கிடைக்காத ஒன்று உங்கள் தெருவில் இருக்கிறது. பர்மிய மொழி பேசும் பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வலி எங்கே என்று நோயாளியிடம் கேட்கத் தெரியாத டாக்டர் பாதி டாக்டர். நன்றாகப் பேசுகிறவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் யார் யார் என்று அவர்கள் சம்மதத்தோடு ஒரு பட்டியல் எடுத்து, செஞ்சிலுவைச் சங்கக் கிளையிடமோ குழு அனுப்பும் அமைப்பிடமோ கொடுத்து வையுங்கள். தொலைபேசியில் மொழிபெயர்க்க பாட்டி விமானம் ஏற வேண்டியதில்லை.

கடைசியாகப் பெட்டிகள். காலாவதியாகாத மாத்திரையும் யார் வீட்டில், எந்த வெயிலில் கிடந்தது என்று தெரியாது. எந்த மருத்துவமனையும் அதை வாங்கி நோயாளிக்குக் கொடுக்க முடியாது. தெருவில் யாருக்கும் விநியோகிக்காதீர்கள். உறை பிரிக்காத கட்டுத்துணி, பஞ்சு, கையுறை ஆகியவற்றை அக்காவிடம் காட்டி, நன்றாக இருப்பவற்றை மன்றத்தின் முதலுதவிப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளைப் பக்கிங்காம் கால்வாயிலோ கழிவறையிலோ கொட்ட வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். திடக்கழிவு விதிகளின்படி காலாவதி மருந்தை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். தனிப் பையில் கட்டி, மேலே "மருந்துக் கழிவு" என்று எழுதி, குப்பை எடுக்க வரும் மாநகராட்சிப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். ஊசிகள் இருந்தால் அவற்றைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, தனியாகக் கொடுங்கள். பையைத் தூக்குகிறவர் கையில் குத்திவிடக் கூடாது.