கல்லூரிக் கட்டணம் முழுவதையும் வரியில் கழிக்கலாமா?

கேள்வி: மன்னார்குடியில் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் மகளுக்கு 2025-26இல் ரூ.1.40 லட்சம் கட்டினேன். முழுவதையும் வருமான வரியில் கழிக்கலாமா?

பதில்: முடியாது. டியூஷன் கட்டணம் (கல்லூரி வாங்கும் கற்பிப்புக் கட்டணம்) மட்டுமே, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்க உதவும் 80சி பிரிவில் சேரும். விடுதி, மெஸ், பஸ், வளர்ச்சி நிதி, நன்கொடை எதுவும் சேராது. ரசீதில் ஒரே மொத்தத் தொகையாகப் போட்டிருந்தால் அங்கேதான் சிக்கல். கல்லூரி அலுவலகத்தில் இனவாரியாகப் பிரித்து எழுதி, முத்திரையுடன் கட்டாயம் வாங்கிவிடுங்கள்.

பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்தே வரம்பு ரூ.1.5 லட்சம். உங்கள் பிடித்தமே அதை நிரப்பிவிட்டால், சம்பளம் வாங்கும் மனைவி இனிவரும் கட்டணத்தைத் தன் கணக்கிலிருந்து கட்டித் தன் வரியில் கழிக்கட்டும்.

இவை பழைய வரி முறையில் மட்டுமே. நீங்கள் பழையதைத் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறைதான் தானாக வரும். எனவே இரண்டிலும் வரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். பழையது லாபமென்றால் கெடு தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்யுங்கள். தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.