கப்பலில் ஏறவே இல்லை. கப்பல் ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஜூலையில், மதுரையிலிருந்து வந்திருந்த 68 வயதான என் தாயாரை அலாஸ்கா குரூஸ் டூருக்கு அழைத்துச் சென்றேன். முதலில் ஃபேர்பேங்க்ஸ், டெனாலி தேசியப் பூங்கா, ஆங்கரேஜ் எனத் தரைவழிப் பயணம். பிறகு விட்டியரில் கப்பல் ஏறி வான்கூவர் வரை ஏழு நாள் கடற்பயணம் என்பது திட்டம். ஜூலை 11 அன்று, பூங்கா வாசலருகே உள்ள லாட்ஜில் பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநர் கீழே படிப்பலகை வைக்காததால் அம்மா சரளைக் கல்லில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. ஃபேர்பேங்க்ஸில் அறுவை சிகிச்சை நடந்தது. கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. டூர் டைரக்டர் ஒருமுறைகூட மருத்துவமனைக்கு வந்து பார்க்கவில்லை. அதற்கு முந்தைய நாள் பூங்காப் பேருந்தும் 43-ஆவது மைலிலேயே திரும்பிவிட்டது. சிகரத்தைப் பார்க்கவே முடியவில்லை. பத்து மாதங்களாகக் கஸ்டமர் கேருக்கு எழுதி வருகிறேன். இப்போது ஆளுக்கு 1,500 டாலர் பயணச் சலுகை தருவதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியுள்ளனர். காப்பீடு போக எங்கள் கையிலிருந்து 18,000 டாலர் செலவாகியிருக்கிறது. நாங்கள் கப்பலில் கால் வைக்கவே இல்லை என்பதால் கப்பல் டிக்கெட்டின் நிபந்தனைகள் எங்களுக்குப் பொருந்தாது என்றும், நியூஜெர்சியிலேயே வழக்குப் போடலாம் என்றும் நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய விவரம் ஒன்றே ஒன்றுதான்; அது ஜூலை 11 என்ற தேதி. டூர் டைரக்டரின் மனிதாபிமானம் வழக்குக்கான காரணம் ஆகாது. டெனாலியின் 92 மைல் சாலை நிலச்சரிவினால் 2021 ஆகஸ்ட் முதல் 43-ஆவது மைலுக்கு அப்பால் மூடப்பட்டிருந்தது ஊரறிந்த செய்தி; பயணத் திட்டத்தை மாற்றும் உரிமையை எல்லா நிறுவனங்களும் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. மேகம் மூடிய சிகரத்துக்கு எந்த நீதிமன்றமும் இழப்பீடு தராது. இம்மூன்றையும் இனி எந்தக் கடிதத்திலும் எழுதாதீர்கள். எழுதினால், எலும்பு முறிவு என்ற கனமான விஷயம் ஒரு சுற்றுலாப் பயணியின் புகார்ப் பட்டியலுக்குள் புதைந்துபோகும்.

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது தனியாக ஒரு பேருந்துச் சுற்றுலாவையும் தனியாக ஒரு கப்பல் டிக்கெட்டையும் அல்ல. இரண்டையும் ஒரே விலையில், ஒரே முன்பதிவு எண்ணில் வாங்கினீர்கள். இத்தகைய ஒப்பந்தங்களின் தொடக்கத்தில் உள்ள சொல் விளக்கப் பகுதியை எடுத்துப் படியுங்கள். பயணம் என்ற சொல்லுக்குள் கப்பலுக்கு முன்னும் பின்னும் வரும் ரயில், பேருந்து, லாட்ஜ் அனைத்தையும் அவர்கள் பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். தங்களுக்குள்ள பாதுகாப்புகள் துணை நிறுவனங்களுக்கும் தரைவழிப் பயணத்தை நடத்துவோருக்கும் உண்டு என்ற வரியும் அதே தாளில் இருக்கும். அப்படி இருந்தால், அம்மா விழுந்த இடம் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்தது என்பது உங்களுக்கு உதவாது. ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை, இணையத்தில் ஒரு கட்டத்தைச் சொடுக்கியதோடு சரி என்பதும் உதவாது. 1991-இல் கார்னிவல் நிறுவனத்துக்கு எதிரான ஷூட் வழக்கில், வாஷிங்டன் மாநிலத் தம்பதியர் லாஸ் ஏஞ்சலஸில் கப்பல் ஏறி, மெக்சிகோ கரையோரக் கடலில் மனைவி வழுக்கி விழுந்த பிறகு, டிக்கெட்டில் அச்சிட்டிருந்த ஃபுளோரிடா நீதிமன்ற நிபந்தனை அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு இந்த வகை வாதங்கள் வென்றதைவிடத் தோற்றதே அதிகம்.

என்னிடம் வருபவர்கள் விழும் குழி இதற்கு அடுத்ததுதான். உடற்காயத்துக்கு வழக்குத் தொடுக்க அலாஸ்காவிலும் இரண்டு ஆண்டு, நியூஜெர்சியிலும் இரண்டு ஆண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் கப்பல் பயணிகளின் காயத்துக்கு, ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு, ஓராண்டுக்குள் வழக்கு என்ற அளவுக்குக் காலத்தை ஒப்பந்தத்தின் மூலம் சுருக்கிக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டமே நிறுவனங்களை அனுமதிக்கிறது; நிறுவனங்களும் கடைசி நாள்வரை சுருக்கிக்கொள்கின்றன. தரையில் நடந்த விபத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று வாதிட இடமுண்டு; நானே வாதிடுவேன், ஆனால் வேறு வழியில்லாதபோது மட்டும். ஆகவே உங்கள் கடைசி நாள் வரும் ஜூலை 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதக் கடிதப் போக்குவரத்து ஒரு நாளைக்கூட நீட்டித்துத் தராது. கஸ்டமர் கேரில் பதில் எழுதும் பெண் எவ்வளவு கனிவாக வருத்தம் தெரிவித்தாலும், கடிகாரத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. பதினோராம் மாதம் வரை பரிவோடு வந்த மின்னஞ்சல்கள், பதின்மூன்றாம் மாதத்தில் காலவரம்பு கடந்துவிட்டது என்ற ஒற்றை வரிக் கடிதமாக மாறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறு மாத அறிவிப்பைப் பொறுத்தவரை, விபத்து நடந்த வாரமே நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாலோ, ஓட்டுநர் விபத்து அறிக்கை எழுதியிருந்தாலோ, நிறுவனத்துக்கு விஷயம் தெரியும் என்று காட்டிச் சமாளிக்கலாம். ஓராண்டுக் கெடுவுக்கு அப்படிப்பட்ட சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

கெடு நாளைத் தவறவிடாதவர்களும் எந்த நீதிமன்றம் என்பதில் தவறுகிறார்கள். நியூஜெர்சியில் தாக்கல் செய்தால், ஒப்பந்தம் குறிப்பிடும் நகரத்துக்குப் போகச் சொல்லி அது தள்ளுபடியாகும். அதற்குள் ஜூலை கடந்திருக்கும். ஒப்பந்தத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அங்கே ஓடுவதிலும் உங்கள் விஷயத்தில் ஆபத்து உண்டு. தங்கள் தாயார் இந்தியக் குடிமகள். பெரிய கப்பல் நிறுவனங்கள் பல பனாமா, பெர்முடா, லைபீரியா போன்ற நாடுகளில் பதிவு பெற்றவை. அயல்நாட்டவர் ஒருவர் இன்னோர் அயல்நாட்டு நிறுவனத்தின் மீது தொடுக்கும் வழக்கை, குடியுரிமை வேறுபாட்டின் அடிப்படையில் கூட்டாட்சி நீதிமன்றம் விசாரிக்க முடியாது. விபத்து தரையில் நடந்ததால், கடல் விபத்துகளை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்குள்ள கடல்சார் அதிகாரமும் கிடைப்பது அரிது. அந்நிலையில் அதே ஊரின் மாநில நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்று ஒப்பந்தத்திலேயே அடுத்த வாக்கியம் வழக்கமாக இருக்கும். அந்த வாக்கியத்தைப் படிக்காத வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

மனுதாரர் அம்மாதான், நீங்கள் அல்ல. அவர் மதுரை திரும்பிவிட்டார் என்றால் உங்கள் பெயரில் பவர் பத்திரம் எழுதித் தரலாம். ஆனால் வழக்கறிஞர் அல்லாத நீங்கள் அதை வைத்துக்கொண்டு அவருக்காக நீதிமன்றத்தில் வாதாட முடியாது.

வழக்கின் பலத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பேருந்து யாருடையது என்பதே உங்கள் கடிதத்தில் இல்லை. அது கப்பல் நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்குச் சொந்தமா, தனி ஒப்பந்ததாரருடையதா என்பதைப் பொறுத்து எதிர்மனுதாரர் மாறுவார். அலாஸ்கா சட்டம் பொருந்தினால், ஒவ்வொருவரும் தத்தம் தவறின் விகிதத்துக்கு மட்டுமே பொறுப்பு. கப்பல் நிறுவனத்தை மட்டும் சேர்த்து ஒப்பந்ததாரரை விட்டுவிட்டால், குற்றத்தின் பெரும்பகுதியை அவர் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள நிறுவனம் முயலும். அம்மா அன்று என்ன காலணி அணிந்திருந்தார், கைப்பிடியைப் பிடித்தாரா, உங்கள் கை அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா என்றெல்லாம் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்; அவர்களுடைய பொறுப்பின் விகிதம் அங்கேதான் குறையும். படிப்பலகை வைக்கவில்லை என்பதற்கு உங்கள் சொல்லைத் தவிர, உடன் வந்த பயணி ஒருவரின் வாக்குமூலமோ அந்த இடத்தில் எடுத்த படமோ இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள்.

18,000 டாலர் கைச்செலவும் வலிக்கான தொகையும் மட்டுமே மிஞ்சியுள்ள நிலையில், தொலைதூர ஊரில் வழக்கறிஞர், மருத்துவ நிபுணர், மதுரையிலிருந்து அம்மாவின் சாட்சியம் என்று செலவு செய்து தீர்ப்பு வரை போகும் வழக்கு இதுவல்ல. சமரசம் செய்துகொள்ளுங்கள். ஆனால் 1,500 டாலர் சலுகைக்கு அல்ல. அந்தப் படிவத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். அது பெரும்பாலும் நம்மூரில் விடுதலைப் பத்திரம் என்று சொல்வோமே, அதுவாகவே இருக்கும். கையெழுத்திட்டால் பேருந்துக்காரரும் சேர்ந்து விடுபட்டுவிடுவார். கையில் மிஞ்சுவது மீண்டும் அதே நிறுவனத்தின் கப்பலில் மட்டும் செல்லுபடியாகும் ஒரு சீட்டு. மேலும், மருத்துவமனைக்குப் பணம் கட்டிய விசிட்டர் இன்ஷூரன்ஸ் நிறுவனம், நீங்கள் பெறும் தொகையில் தன் பங்கைக் கேட்க உரிமை வைத்திருக்கலாம். பாலிசியைப் பார்க்காமல் எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கஸ்டமர் கேருக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒப்பந்தம் குறிப்பிடும் ஊரில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் மூலம், நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கும் பேருந்தை இயக்கிய நிறுவனத்தின் காப்பீட்டாளருக்கும் ஒரே நாளில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பேச்சுவார்த்தைக்கு அவகாசம் வேண்டும் என்று அவர்கள் கேட்டால், காலவரம்பை நிறுத்தி வைக்கும் உடன்படிக்கையில் இருதரப்பிலும் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர்களிடம் எழுதி வாங்குங்கள். ஜூன் 20-க்குள் அந்தக் கையெழுத்து வராவிட்டால், தொகை ஏறத்தாழ முடிவாகிவிட்டது என்று அவர்கள் சொன்னாலும் மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.